எங்கள் வீட்டின் கடல் பக்கம்

நான் ஒரு முட்டாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தெருவே அறிந்த விஷயத்தை நான் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? பல வருஷம் படகில் வேலை பார்த்துவிட்டு ராஜபாளையத்தில் வீடு கட்டியவன், வீட்டுக்கு வெளியே கடல் இல்லை என்பதை மறந்துவிட்டேன். அவ்வளவுதான் முட்டாள்தனம். ஆனால் அதற்குள் ஒரு குளியலறை, ஒரு மோட்டார், ஒரு பட்டாளத்துக்காரர், ஏகப்பட்ட பேண்டேஜ் துணி, என் பெண்டாட்டி எல்லாம் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு இழுவைப் படகில் இருந்தேன். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துத் துறையில் சேர்க்கிற குட்டையான, முரட்டுப் படகு. ஊருக்கு வந்தால் "கப்பல்ல இருக்கேன்" என்பேன். கப்பலில் என்ன வேலை என்று யாரும் கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன். ஏனென்றால் என் வேலை, படகில் இருந்தவர்கள் குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வெளியே அனுப்புவது. எஞ்சின் பக்கம் வேறு எடுபிடி வேலைகளும் உண்டு. ஆனால் யாராவது "ஏலே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினால், குளிக்கிற இடத்தில் தண்ணீர் கணுக்கால் வரை நிற்கிறது என்று பொருள்.

படகில் தண்ணீர் தானாக வெளியே போகாது. குளிக்கிற இடத்தின் தரை, வெளியே இருக்கிற கடல் மட்டத்தைவிடத் தாழ்வு. ஓட்டை போட்டால் உள்ளே இருப்பது போகாது, வெளியே இருப்பது வரும். அதனால் அழுக்குத் தண்ணீர் எல்லாம் முதலில் தரைக்குக் கீழே ஒரு தொட்டிக்கு வரும். தொட்டி நிறைய நிறைய உள்ளே ஒரு மிதவை மேலே எழும்பும். ஒரு அளவுக்கு எழும்பியதும் மோட்டார் தானாக ஓடும். தண்ணீர் ஹோஸ் வழியே மேலே ஏறி, தலைக்கு மேல் ஒரு வளைவு வளைந்து, படகின் பக்கவாட்டில் உள்ள துளை வழியாகக் கடலில் விழும். அந்த வளைவு இல்லையென்றால் கடல் அதே ஹோஸ் வழியாக உள்ளே ஏறி வந்துவிடும். வந்திருக்கிறது. ஒருமுறை ஹோஸ் மாற்றும்போது, வளைவு எதற்கு வீணாக என்று நேராக மாட்டிவிட்டேன். படகு அசைந்தபோது கடல் வந்து படகை ஓட்டுகிற மாஸ்டரின் செருப்பை மிதக்கவிட்டது. அதிலிருந்து என் பெயர் படகில் "வளைவு".

தொட்டியைத் திறந்தால் முடி, சோப்புக் கசடு, பருக்கை. இவை மூன்றும் சேர்ந்து மிதவையைப் பிடித்துக்கொள்ளும், மிதவை எழும்பாது, மோட்டார் ஓடாது, "ஏலே!" கேட்கும். சமையல்காரர் எனக்குப் பரம விரோதி. சோறு வடித்த கஞ்சியை அப்படியே சிங்க்கில் ஊற்றுவார். அது ஹோஸுக்குள் இறுகிப் பசையாகிவிடும்.

"கஞ்சியக் கடல்ல ஊத்துனா என்ன கொறஞ்சா போவீரு?"

"உன் பைப்பு தெம்பா இருக்கட்டும்னுதாம்லே ஊத்துதேன். உன்னை மாதிரி சோனியா இருக்கு."

நான் அவர் சிங்க்கின் அடி மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். அடுத்த கஞ்சி அவர் காலில் விழுந்தது. படகில் நட்பு என்பது இந்த அளவில்தான் இருந்தது.

அங்கே எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. துளைக்கு வெளியே போன தண்ணீரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கடல் "இது யாருடைய சோப்பு" என்று விசாரித்ததே இல்லை. ஒரே ஒரு தடவை, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையோடு ஒரு அதிகாரி சின்ன லாஞ்சில் வந்து எங்கள் படகை ஒட்டி நின்றார். எங்கள் துளைக்குச் சரியாகக் கீழே. உள்ளே மிதவை எழும்பியது. பருப்புச் சட்டி கழுவிய தண்ணீர் அவர் தோளில் கொட்டியது. மாஸ்டர் ஓடி வந்தார்.

"எவம்லே மோட்டாரப் போட்டது?"

"யாரும் போடல சார். தானா போட்டுச்சு."

அது உண்மை. ஆனால் இந்த உண்மையைச் சொல்லி நான் தப்பித்ததே கிடையாது. அன்றும் தப்பவில்லை, பிறகும் தப்பவில்லை.

எண்பதுகளின் கடைசியில் படகை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அப்பா விட்டுப்போன இடத்தில் வீடு கட்டினேன். கொத்தனார் குளியலறைக்கு வாசல் மட்டத்தில் தரை போட வந்தார். நான் தடுத்தேன். பல வருஷம் படியிறங்கிக் குளித்த உடம்பு. மேட்டில் நின்று குளித்தால் யாரோ பார்ப்பது போல இருக்கும். "ரெண்டு படி பள்ளமாப் போடும்" என்றேன்.

கொத்தனார் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, தெரு வாறுகாலு மேட்டுல இருக்கு. பள்ளத்துல விழுந்த தண்ணி எப்படி அங்க ஏறும்?"

வாறுகால் என்பது எங்கள் பக்கத்துச் சாக்கடை. நான் சிரித்தேன். "தண்ணி ஏறாதுங்கீரு. நான் எம்புட்டுத் தண்ணிய ஏத்தியிருக்கேன் தெரியுமா? மோட்டார் எதுக்கு இருக்கு?"

அவர் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. பைத்தியக்காரன் வீட்டிலும் கொத்து வேலை வேலைதான்.

குளியலறைக்கும் அடுப்படிக்கும் சேர்த்து ஒரே தொட்டி கட்டினேன். மிதவை, மோட்டார், ஹோஸ் எல்லாம் வந்தன. வளைவை மறக்கவில்லை, அடுப்படிச் சுவரின் உச்சியில் ஹோஸை ஏற்றி வளைத்து, பின்பக்க மதிலில் ஒரு துளை போட்டு, வெளியே ஒரு சாண் நீட்டிவிட்டேன். மதிலுக்கு அப்பால் சும்மா கிடந்த பொட்டல். முதல் தடவை மோட்டார் ஓடித் தண்ணீர் அந்தப் பக்கம் விழுந்தபோது என் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா? அதுதான் நம்ம வீட்டுக்குக் கடல் பக்கம்."

அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கடலைப் பார்த்ததில்லை. புருஷன் சொன்னால் சரி என்று அவளும் "கடல் பக்கம்" என்றே சொல்லிப் பழகிவிட்டாள். கடல் பக்க ஜன்னல், கடல் பக்கக் கொடி. மின்சாரம் போகிற நாட்களில் மட்டும் குளியலறையில் தண்ணீர் ஏறி நிற்கும்; நான் வாளியால் அள்ளி ஊற்றுவேன். "ஓட்டைப் படகுல தண்ணி எறைக்கிற மாதிரியே இருக்கீக" என்பாள். அப்போது பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கடலை ஒருவர் விலைக்கு வாங்கினார்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். முறுக்கிய மீசை, அதைவிட முறுக்கிய பேச்சு. பொட்டலில் ஓரமாக ஒரு வீடும் கொட்டகையும் போட்டு, பேண்டேஜ் துணி வெளுக்கிற தொழிலைத் தொடங்கினார். வெளுத்த துணியை மூங்கில் நட்டு, நீளநீளமாகக் காயப்போடுவார். காற்றடித்தால் முழுப் பொட்டலும் வெள்ளையாக அலையடிக்கும். எனக்குப் பார்க்கக் கடல் மாதிரியே இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான் துளையை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. துளைக்குக் கீழே துணி போடமாட்டார் என்று நினைத்தேன். அவர், மதிலில் நீட்டிக்கொண்டிருப்பது மழைத் தண்ணீர்க் குழாய் என்று நினைத்தார். இரண்டு பேர் நினைப்பும் ஒரே நாள் காலையில் நனைந்தது. அன்று எங்கள் வீட்டில் மீன் குழம்பு.

மதிலுக்கு மேல் மீசை தெரிந்தது. "ஏலே! எவன்லே அது?"

நான் போனேன். வெள்ளைத் துணியில் மஞ்சள் மஞ்சளாகத் தேசப்படம்.

"யாருலே தண்ணிய விட்டது?"

"யாரும் விடல அண்ணாச்சி. தானா போட்டுச்சு."

"தானா போட்டுச்சா? அப்ப அதையே வந்து தொவைச்சுக் குடுக்கச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போற துணிலே இது. இதை எவன் கையில கட்டுவான்?"

இந்த இடத்தில் ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்பான். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை.

"மஞ்சள் காயத்துக்கு நல்லதுதானே அண்ணாச்சி" என்றேன்.

மீசை இறங்கி மதிலுக்குப் பின்னால் மறைந்தது. என் பெண்டாட்டி கடல் பக்க ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நிலைமையைச் சரி செய்யலாம் என்று அவளாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. இவிய கடல் பக்கம்னு நெனச்சு வச்சுட்டாவ."

மீசை திரும்ப எழும்பியது. "என்னது? கடலா? எங்கம்மா இருக்கு கடலு?"

"உங்க பக்கம்தான்."

அதற்குப் பிறகு என் பெயர் தெருவில் "கப்பலு". அவர் எதிரே வந்தால் நான் சந்துக்குள் திரும்புவேன். நான் எதிரே வந்தால் அவர் திரும்ப மாட்டார், நின்று காறித் துப்புவார். "கடல்ல எச்சி துப்பலாம், தப்பில்ல" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார். ஹோஸை நான் மாற்றினேனா என்றால், இல்லை. வீம்பு. அவர் துணியை நகர்த்திப் போட்டாரா என்றால், போட்டார். ஆனால் சும்மா போடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் பெண்டாட்டி தலைக்குக் குளித்துவிட்டு, புதுச் சேலை கட்டி, அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வருவதாக இருந்தது. குளித்த தண்ணீர் தொட்டிக்குப் போனது. மிதவை எழும்பியது. மோட்டார் ஓடியது. தண்ணீர் வளைவில் ஏறி மதில் வரை போனது, வெளியே போகவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பட்டாளத்தார் என் துளையில் செங்கல் துண்டு வைத்து, சிமெண்ட் பூசி, கரண்டியால் வழவழவென்று தேய்த்தும் விட்டிருந்தார். மோட்டாருக்கு அது தெரியாது. முக்கித் தள்ளியது. அடுப்படி உச்சியில் ஹோஸின் கிளிப் தெறித்தது. சோப்பும் சீயக்காயும் முந்தின நாள் சாம்பாரும் சேர்ந்து சோற்றுப் பானையிலும் அவள் தலையிலும் பொழிந்தன.

நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அவள் அசையாமல் நின்றாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"நான் போடலட்டி" என்றேன். "தானா..."

அந்த வார்த்தையை முடிக்க விடவில்லை. டிரங்குப் பெட்டியை இழுத்தாள். வந்துகொண்டிருந்த அம்மாவைத் தெருமுனையிலேயே மடக்கி, இருவருமாக அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டார்கள்.

அவள் போன பிறகுதான் வீடு எவ்வளவு நாறுகிறது என்று தெரிந்தது. ஹோஸை ஹால் வழியாக இழுத்து முன்பக்க வாறுகாலில் விட்டுப் பார்த்தேன். அவ்வளவு தூரம் தள்ள மோட்டாருக்குத் தெம்பு பற்றவில்லை. பாதி தண்ணீர் ஹாலிலேயே கசிந்தது. நான் குளிப்பதைக் குறைத்தேன். பிறகு நிறுத்தினேன். வாசலில் போகிறவர்கள் மூக்கைப் பிடிப்பதைப் பார்த்த பிறகு, இனி அவளைக் கூட்டி வந்தால்தான் வீடு வீடாகும் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் காலி. ஜன்னலோரம் மீசை.

நின்றே போயிருக்கலாம். உட்கார்ந்தேன். அவர் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"எங்கலே?"

"வில்லிபுத்தூருக்கு. வீட்டுக்காரியக் கூட்டியாரப் போறேன்."

"நானும் அங்கதான். வக்கீலப் பாக்க. உம் மேல கேஸ் போடப் போறேன்."

"தாராளமாப் போடுங்க."

"நீ கூட்டிட்டு வா, நான் போட்டுட்டு வாரேன்." மூக்கைப் பொத்திக்கொண்டு, "செத்த தள்ளி உக்காரு. நாத்தம் தாங்கல" என்றார்.

"உங்க கொட்டகைத் தண்ணி மட்டும் பன்னீரா? துணி வெளுத்த தண்ணிய எங்க விடுதீக?"

"என் எடத்துல, நானே குழி வெட்டி, அதுக்குள்ள விடுதேன். அடுத்தவன் தலையில விடல. குழி வெட்டுன மண்ணு மலையாக் குமிஞ்சு கெடக்கு, மதிலுக்கு மேல எட்டிப் பாத்தாத் தெரியும். நீதான் எட்டிப் பாக்குற ஆளு இல்லையே. நீ ஓட்டை போட்டுட்டுத் திரும்பிப் படுக்குற ஆளு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். ஊர் வரும் வரை இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனோம். இறங்கும்போது என் காலை மிதித்தார். தெரியாமல் மிதித்ததாகத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பால்கோவாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு மடவார் வளாகத்தில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போனேன். மாமியார் கதவைத் திறந்து, பொட்டலத்தைப் பார்த்து, உள்ளே திரும்பிச் சொன்னார். "ஏட்டி, உம் மாப்பிள்ளை வந்திருக்காவ. வில்லிபுத்தூருக்கு வில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிட்டு வந்திருக்காவ."

என் பெண்டாட்டி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"துளைய மாத்திருதேன்" என்றேன். "பெரிய மோட்டாரா வாங்கி..."

"மோட்டார் இருக்குற வீட்டுக்கு நான் வர மாட்டேன்."

"பொறவு தண்ணி எப்படிப் போகும்?"

"தானா போகணும்." அவள் குரல் உயரவே இல்லை. "எல்லா வீட்டுலயும் தண்ணி தானாத்தான் போகுது. நம்ம வீட்டுலதான் மோட்டாரு தானாப் போகுது. பள்ளத்த மூடுங்க. தரைய வாசல் மட்டத்துக்கு ஏத்துங்க. வாறுகாலுக்கு வாட்டம் விடுங்க."

கொத்தனார் முதல் நாளே சொன்னதுதான். அதை அவளிடம் சொல்லவில்லை. முட்டாள்தனத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

"சரி. ஒரு வண்டி மண்ணு அடிக்கச் சொல்லுதேன்."

"வண்டி மண்ணு வேண்டாம். மதிலுக்கு அந்தப் பக்கம் மலையாக் கெடக்கு. கடல் பக்க ஜன்னல்ல நான் தெனமும் பாக்கேன். அவியகிட்ட கேட்டு வாங்குங்க."

"அவன்கிட்டயா? அவன் எம் மேல கேஸ் போட இப்பதான் போயிருக்கான். நான் போயி கேக்கணுமா?"

"கேக்கணும். கப்பல்ல யாருகிட்டயும் கேட்டுத் தண்ணி விட்டதில்ல நீங்க. அதான் இங்கயும் கேக்கல. துளை போடயில கேக்கல, துணி நனையயில கேக்கல. நாளைக்கு நான் அவிய வீட்டம்மா மொகத்துல முழிக்கணும். கேட்டுட்டீகன்னு தெரிஞ்ச அன்னைக்கு வாரேன். கேக்கலன்னா நீங்களும் உங்க மோட்டாரும் குடும்பம் நடத்துங்க."

கதவைச் சாத்தினாள். உடனே கதவு திறந்து, மாமியார் கை வெளியே நீண்டு, பால்கோவாவை வாங்கிக்கொண்டு, மறுபடி கதவைச் சாத்தியது.

ராஜபாளையம் திரும்பினேன். மறுநாள் விடிந்ததும் போவது என்று முடிவு. போகவில்லை. காலையில் போனால் சண்டைக்கு வந்ததாக நினைப்பார் என்று மத்தியானத்துக்குத் தள்ளினேன். மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று சாயங்காலத்துக்குத் தள்ளினேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு நக்கல் வந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மிதவையில் சுற்றிய முடியைப் பிடுங்குவது இதைவிடச் சுலபம்.

கடைசியில், முதல் தடவையாக, மதில் வழியாக இல்லாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு அவர் வாசல் வழியாக உள்ளே போனேன். அவர் மூங்கிலில் இருந்து துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். மண் குவியல் என் மதில் உயரத்துக்கு இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே என் துளை இருந்த இடம், சிமெண்ட் பூசி வழவழவென்று, என் வீட்டிலேயே நன்றாகப் பூசப்பட்ட ஒரே இடமாக இருந்தது.

"என்னலே கப்பலு? வக்கீல்ட்ட சொல்லிட்டேன். நோட்டீஸ் வரும், போ."

"வரட்டும் அண்ணாச்சி. அதுக்கு வரல." வாயில் நக்கல் எழும்பியது. மிதவையை விரலால் அழுத்துவது போல அழுத்தினேன். "துணிய நனைச்சது தப்பு. குளியலறைப் பள்ளத்த மூடப்போறேன். மோட்டாரக் கழத்திட்டேன். இனிமே தண்ணி இந்தப் பக்கம் வராது. அந்த மண்ண நான் எடுத்துக்கிடட்டுமா?"

அவர் சுருட்டிய துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மண் குவியலைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது, சிரிப்பாக இருக்காது.

"கடல் மண்ணுலே, கட்டடத்துக்கு ஆகாது, அள்ளிட்டுப் போ."